ரைட் கிளிக் பண்ணா இன்ஸ்டால் வரல சார்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் கம்ப்யூட்டர் பக்கத்துல புது தமிழ் ஃபான்ட் போடுறது எப்படின்னு நாலு வரில ஒரு டிப்ஸ் போட்டிருந்தீங்க. டவுன்லோட் பண்ணுங்க, ரைட் கிளிக் பண்ணுங்க, இன்ஸ்டால் கொடுங்க, முடிஞ்சுது. உங்க ஆபீஸ்ல முடிஞ்சிருக்கும் சார், எங்க வீட்டுல முடியல. எங்களோடது இன்னமும் விண்டோஸ் எக்ஸ்பி. 2001ல வந்தது, 2014 ஏப்ரலோட மைக்ரோசாஃப்ட்டே கை கழுவிட்டாங்க, ஆனா அப்பாவுக்குக் கை பழகினது அதுலதான், நெட் கனெக்‌ஷன் கூட கொடுக்கல, லெட்டர் அடிக்க பிரிண்ட் எடுக்கன்னு அது பாட்டுக்கு ஓடிட்டு இருக்கு.

எக்ஸ்பில ரைட் கிளிக் மெனுவுல இன்ஸ்டால்னு ஒண்ணு கிடையவே கிடையாது, அது எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விஸ்டாலதான் வந்துச்சு. நான் பென் டிரைவ்ல கொண்டாந்து கொடுத்த ஃபைல அப்பா டபுள் கிளிக் பண்ணார், எழுத்தெல்லாம் பெருசு பெருசா தெரிஞ்சுது, வந்துடுச்சுன்னு சந்தோஷமா மூடிட்டு வேர்டுல போய்த் தேடினா லிஸ்ட்ல பேரே இல்ல. அது வெறும் பிரிவ்யூ. கண்ட்ரோல் பேனல்ல ஃபான்ட்ஸ் ஃபோல்டரத் தொறந்து, ஃபைல் மெனுவுல "இன்ஸ்டால் நியூ ஃபான்ட்" கொடுக்கணும், அதுவும் அட்மின் லாகின்ல இருந்தாத்தான் நடக்கும். ஃபைல் ஜிப்பா, அதாவது சுருக்கிக் கட்டின மூட்டையா வந்திருந்தா முதல்ல பிரிச்சு வச்சுக்கணும்.

சரி அதையும் பண்ணியாச்சு, லிஸ்ட்லயும் வந்துச்சு. மறுநாள் காலைல காணோம்! என்னடான்னு பார்த்தா அந்த இன்ஸ்டால் விண்டோவோட அடியில "காப்பி ஃபான்ட்ஸ் டு ஃபான்ட்ஸ் ஃபோல்டர்"னு ஒரு டிக் இருக்கும், அது தானாவே போட்டுத்தான் இருக்கும், ஒரே ஃபைல எதுக்கு ரெண்டு இடத்துல வைக்கணும்னு அப்பா சிக்கனமா அந்த டிக்க எடுத்துவிட்டிருக்கார். அதனால ஃபான்ட் பென் டிரைவ்லயே இருந்துச்சு, நான் டிரைவ எடுத்துட்டு வேலைக்குப் போனதும் ஃபான்ட்டும் என் கூடவே வந்துடுச்சு.

மறுபடியும் போட்டோம். இந்தத் தடவ எழுத்து வருது, ஆனா "பெரியப்பா"ன்னு அடிச்சா ப முன்னாடி, கொம்பு பின்னாடி. யூனிகோட், அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி நம்பர் கொடுக்கிற பொது முறை, அந்த முறையில வந்த ஃபான்ட் போட்டா மட்டும் போதாது, கொம்ப முன்னாடி தள்ளி வைக்கிற வேலைய விண்டோஸ் செய்யணும், எக்ஸ்பில பல மெஷின்ல அது ஆஃப்லதான் கிடக்கும். கண்ட்ரோல் பேனல்ல "ரீஜனல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்", அதுல ரெண்டாவது டேப், "காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்"னு வர்ற வரிக்கு டிக் போட்டு ஓகே கொடுத்தா எக்ஸ்பி சிடிய போடுன்னு கேக்கும். அந்த சிடிய தேடின கதைய எழுதினா உங்களுக்கு இன்னொரு பக்கம் வேணும். கிடைச்சுது, போட்டோம், ரீஸ்டார்ட் பண்ணதும் பெரியப்பா நேரானார். இன்னொண்ணு, ரொம்பப் புது ஃபான்ட் சிலதுல இதுக்கப்புறமும் "கூ" மாதிரி எழுத்து ஒட்டாம நிக்கலாம், விஸ்டா வந்தப்போ இந்திய எழுத்துக்களைச் சேர்க்கிற முறையவே மாத்திட்டாங்க, பழைய முறைய உள்ள வைக்காத ஃபான்ட்ட எக்ஸ்பிக்குப் புரியாது. அந்த மாதிரி இருந்தா வேற ஃபான்ட் பாக்குறதுதான் வழி, மெஷின நோண்டிப் பிரயோஜனம் இல்ல.

உங்க டிப்ஸ்ல சுத்தமா விட்டுப்போன விஷயம் பழைய ஃபைல்கள். அப்பாவோட லெட்டர் எல்லாம் பாமினிங்கிற பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்சது. பாமினி இல்லாத மெஷின்ல தொறந்தா "தமிழ்"ங்கிற சொல்லு ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளின்னு தெரியும், ஏன்னா உள்ள இருக்கிறது இங்கிலீஷ் எழுத்துதான், ஃபான்ட் அதுக்கு மேல தமிழ் வேஷம் கட்டுது. டாப், டாம், டிஸ்கின்னு கம்ப்யூட்டர்ல தமிழ் எழுத்த வைக்கிற மத்த பழைய முறைகளும் யூனிகோட் இல்ல, ஒவ்வொண்ணுக்கும் அதோட சொந்த ஃபான்ட்தான் வேணும். நீங்க சொன்ன புது யூனிகோட் ஃபான்ட்ட இந்த ஃபைல்ல செலக்ட் பண்ணா ஒரு எழுத்து கூட தமிழாகாது, கன்வெர்ட்டர்ல போட்டு மாத்தணும். இது தெரியாம ஃபைல் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு அப்பா மூணு லெட்டர அழிச்சே விட்டார் சார். ரீசைக்கிள் பின்னுல இருந்துச்சு, பொழச்சோம்.

அதனால இனிமே இந்த மாதிரி டிப்ஸ் போடும்போது எந்த விண்டோஸுக்கு, யூனிகோடா இல்ல பழைய முறையான்னு ஒரு வரி சேர்த்துப் போடுங்க. பேப்பர கையில வச்சுக்கிட்டு வரிக்கு வரி அப்படியே செய்யறவங்க வீட்டுல இருக்காங்க. இப்போ ஃபான்ட் நல்லாத்தான் வேலை செய்யுது, ஆனாலும் அப்பா அந்தப் பென் டிரைவ கழட்டவே விட மாட்டேங்கிறார்.

இப்படிக்கு,
பழைய கம்ப்யூட்டர் வீட்டு வாசகன்