அம்மாவின் முடியைக் காப்பாற்றிய அக்காவுக்கு

காணாமல் போயிருந்த அம்மா கிடைத்து இன்றோடு பன்னிரண்டு நாள். நாம் தேடி அலைந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை.

அம்மாவைச் சேர்த்துக்கொண்ட இல்லத்தை நடத்தும் அக்கா, தன் பேரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அம்மா அங்கே வந்தபோது முடி சடை பிடித்து, பேன் மண்டி, சீப்பே இறங்காதாம். மொட்டை அடித்துவிட்டால் ஐந்து நிமிட வேலை. கத்திரியைப் பார்த்ததும் அம்மா இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டார். முன்பு வேறோர் இடத்தில் ஒரு வார்த்தை கேட்காமல் மழித்துவிட்டிருந்தார்கள். அது அக்காவுக்குத் தெரியாது. "வேண்டாம்னா வேண்டாம்மா" என்று கத்திரியை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு, அம்மாவை வாசல்படியில் உட்காரவைத்து, மேல்படியில் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு தானே உட்கார்ந்துவிட்டார். மூன்று சாயங்காலம். ஒவ்வொரு சிக்காக விரலால் பிரித்தெடுத்து, அப்புறம்தான் பேன் சீப்பு. நான் போனபோது அம்மா பின்னல் போட்டிருந்தார், நுனியில் கறுப்பு ரப்பர் பேண்டு.

நன்றி சொன்னதற்கு அக்கா பழைய கதை ஒன்றைச் சொன்னார். 1993-ல் சென்னையில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம்பெண்கள், தெருவில் தவித்த ஒரு பெண்ணைச் சேர்க்க இடம் கிடைக்காமல், மனநலம் பாதித்து வீடின்றித் தவிப்பவர்களுக்காகத் தாங்களே 'தி பேன்யன்' என்ற அமைப்பைத் தொடங்கிய கதை. "அவங்களைப் பார்த்து வந்தவங்கதான் நாங்க" என்றார். தலைமை என்றால் என்ன என்று அந்த எண்ணெய்க் கையைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-ன்படி மனநலம் பாதித்து, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் திரிபவரைப் பாதுகாப்பில் எடுப்பது காவலரின் கடமை. அதைத் தன் துப்பட்டாவை அம்மாவுக்குப் போர்த்திச் செய்த பெண் காவலருக்கும், இட்லி கொடுத்து உட்காரவைத்த கடைக்கார அம்மாவுக்கும், படத்தைப் பகிர்ந்த உங்கள் எல்லோருக்கும் என் கும்பிடு.

அன்றே அழைத்துப் போகத்தான் வண்டியோடு போயிருந்தேன். அக்கா தடுக்கவில்லை. "முதல்ல அம்மாகிட்ட கேளுங்க, வர்றீங்களான்னு" என்றார். இத்தனை வருஷத்தில் நான் அம்மாவிடம் கேட்டதே இல்லை. கேட்டேன். "தீபாவளி கழிச்சு வரேன்" என்றார்.

அதுவரை ஞாயிறு தவறாமல் போவேன். அம்மாவுக்கு மட்டுமல்ல, அங்கே வரிசையாக உட்காரும் எல்லோருக்கும் தலை வாரிவிடப் போகிறேன். சீப்பு வாங்கிவிட்டேன்.