புண்ணிகை கேட்ட கேள்வி

தருமபுரி,
ஆனி மாதம்.

அன்பு மகளுக்கு,

ஜப்பானிலிருந்து நீ அனுப்பிய நீண்ட மின்னஞ்சலை அம்மாவும் நானும் படித்தோம். உன்னோடு வேலை செய்பவரின் தந்தை இறந்தபோது நீ போய்வந்த சாவு வீட்டில் துறவி ஒருவர் சூத்திரம் ஓதியதையும், இறந்தவருக்குப் புதுப்பெயர் சூட்டியதையும், அந்தப் பெயரின் தகுதி உயர உயரக் கோயிலுக்குத் தரும் தொகையும் உயரும் என்று பிறகு கேள்விப்பட்டதையும் எழுதிவிட்டு, இதற்கும் புத்தருக்கும் என்ன தொடர்பு என்று கேட்டிருக்கிறாய். அதோடு, ஆடி அமாவாசையன்று ஒகேனக்கல்லில் ஆயாவுக்குக் கொடுக்கும் திதியையும் நாம் நிறுத்திவிட வேண்டும், புத்தர் சடங்கை மறுத்தவர் என்பதால் அவருடைய சிந்தனையை ஏற்றுக்கொண்ட நான் அங்கே போய் நிற்பது முரண் என்றும் எழுதியிருக்கிறாய். இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கான விடை சமய நூல்களில் அகப்படாது. ஆட்சியாளர்களின் ஆணைகளில்தான் தேட வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் ஜப்பானை ஆண்ட தோக்குகவா அரசு கிறித்தவத்தைத் தடை செய்தபோது, ஒவ்வொரு குடும்பமும் ஏதேனும் ஒரு பௌத்தக் கோயிலில் பதிந்துகொள்ள வேண்டும், இவர்கள் கிறித்தவர்கள் அல்லர் என்று அந்தக் கோயிலே சான்று தர வேண்டும் என்று விதித்தது. நம்மூர்க் கிராம நிர்வாக அலுவலரின் வேலையை அங்கே துறவிகள் பார்த்தார்கள் என்று வைத்துக்கொள். அதற்கு முன்பும் துறவிகள் ஈமக்கடன் செய்ததுண்டு என்றாலும், அது ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களுக்கும் உரிய கட்டாயமாக மாறியது இந்தப் பதிவேட்டால்தான். 1868-இல் அந்த ஆட்சி போய்விட்டது, வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. நீ பார்த்த சடங்கில் புத்தரைத் தேடி ஏமாறுவதைக் காட்டிலும், அதன் வயது என்ன, எந்தத் தேவைக்காகப் பிறந்தது என்று கேட்பதே பயன் தரும்.

இரண்டாவது கேள்வி அவ்வளவு எளிதில் தீராது. நீ சொல்வதற்குச் சான்று நிறையவே இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். பழைய பௌத்தப் பெண் துறவியரின் பாடல் தொகுப்பான தேரிகாதையில் புண்ணிகை என்ற பெண் வருகிறாள். அனாதபிண்டிகர் என்ற செல்வரின் வீட்டில் தண்ணீர் சுமந்த அடிமைப்பெண். எசமானர்களின் அடிக்குப் பயந்து குளிர்காலத்திலும் ஆற்றில் இறங்குபவள், ஒருநாள் நடுங்கிக்கொண்டே முழுக்குப் போடும் அந்தணர் ஒருவரைப் பார்த்து, நீர் எதற்குப் பயந்து இறங்குகிறீர் என்று கேட்கிறாள். பாவம் போவதற்காக என்கிறார் அவர். அப்படியானால் தவளையும் ஆமையும் பாம்பும் முதலையும் நேராகச் சொர்க்கம் போய்விடுமே என்கிறாள். அதோடு விட்டிருந்தால் அது கேலியாக மட்டும் நின்றிருக்கும். அடுத்து அவள் கேட்பதுதான் வாதம்: இந்த ஆறு உம்முடைய பாவத்தை அடித்துக்கொண்டு போகுமென்றால், சேர்த்து வைத்த புண்ணியத்தையும் அதுவேதானே அடித்துக்கொண்டு போகும், பிறகு உமக்கென்று என்ன மிஞ்சும்? ஆடி அமாவாசையன்று ஒகேனக்கல் படித்துறையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கூட்டத்தின் நடுவே நிற்கும்போதெல்லாம் அந்தத் தண்ணீர்க்காரியின் கேள்வி எனக்கு நினைவுக்கு வராமல் இருந்ததில்லை.

ஆனால் சிகாலன் என்ற இளைஞனிடம் புத்தர் நடந்துகொண்ட விதத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ராஜகிருகத்தில் விடியற்காலையில் ஈர ஆடையோடும் ஈரத் தலைமுடியோடும் ஆறு திசைகளையும் கும்பிட்டுக்கொண்டிருந்தவன் அவன். ஏன் என்று கேட்டபோது, சாகும் தறுவாயில் அப்பா சொல்லிவிட்டுப் போனார் என்கிறான். இது மூடப்பழக்கம், நிறுத்து என்று புத்தர் சொல்லவில்லை. திசையை வணங்க வேண்டிய முறை வேறு என்று சொல்லி, கிழக்கில் பெற்றோரையும், தெற்கில் ஆசிரியரையும், மேற்கில் மனைவி மக்களையும், வடக்கில் நண்பரையும், கீழே வேலையாட்களையும், மேலே துறவியரையும் வைத்து, ஒவ்வொருவருக்கும் இவன் செய்ய வேண்டியதையும் இவனுக்கு அவர்கள் செய்ய வேண்டியதையும் விரித்துரைக்கிறார். வேலையாளுக்கு அவனுடைய வலுவுக்கேற்ற வேலை, சோறு, கூலி, நோயுற்றால் கவனிப்பு என்று அந்தப் பகுதி போகும். அப்பாவின் சொல்லை மகன் காப்பாற்றுகிறான் என்ற ஒன்றை அவர் தொடவே இல்லை. அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, கும்பிட்ட கையை வேலை செய்யும் கையாக மாற்றிக்கொடுத்திருக்கிறார்.

இந்த இரண்டையும் அருகருகே வைத்தால் அவர் எதைக் கழித்தார் என்பது ஓரளவு புலப்படும். ஒழுக்கத்தால் மட்டுமே நடக்கக்கூடியதைச் சடங்கு நடத்திக்கொடுத்துவிடும் என்று நம்பி அதைப் பற்றிக்கொள்வதைத்தான் அவர் விலங்கு என்றார். விடுதலையின் முதல் படியில் அறுபடும் மூன்று தளைகளுள் அதுவும் ஒன்று. இறந்தவரை மந்திரத்தால் மேலுலகுக்கு ஏற்றலாமா என்று ஊர்த்தலைவர் ஒருவர் கேட்டபோது, ஆழமான மடுவில் பாறாங்கல்லைப் போட்டுவிட்டு ஊரே கூடிக் கைகூப்பி மேலே வா என்று வேண்டினால் அது வருமா என்று திருப்பிக் கேட்டவரும் அவரே. எனினும், ஜானுஸ்ஸோணி என்ற அந்தணர், நாங்கள் சிராத்தத்தில் கொடுப்பது செத்துப்போன உறவினருக்குப் போய்ச்சேருமா என்று கேட்டபோது, பேயுலகில் பிறந்தவர்க்குச் சேரும், மற்றவர்க்குச் சேராது, கொடுத்தவனுக்குப் பலன் வீண்போகாது என்று பதில் சொன்னதாகவும், பௌத்த மூலநூல் தொகுப்பான அதே திரிபிடகத்தில் இருக்கிறது. ஆகவே திதி வேண்டாம் என்று நீ சொல்லலாம். புத்தர் வேண்டாம் என்றார் என்று மட்டும் சொல்லாதே.

சிந்தனையைத் தொலைத்த வழிபாடு எப்படி இருக்கும் என்று பார்க்க நீ ஜப்பான்வரை போயிருக்கத் தேவையில்லை. 1965 வரை நம் தருமபுரியும் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. அந்தச் சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று ஒரு கோயில் உண்டு. உட்கார்ந்த கோலம், மடிமேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கைகள், சுருள்சுருளான தலைமுடி. இவ்வளவும் தெரிய இருந்தும், திருநீறும் சந்தனமும் குங்குமமும் அப்பி, ஊர் மக்கள் அவரைக் காவல் தெய்வமாகக் கும்பிட்டு வந்தார்கள். தொல்லியல் துறை ஆய்ந்து இது புத்தர் சிலைதான் என்று அறிக்கை கொடுத்தது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்று, இதை முனியப்பனாகத் தொடர்ந்து பாவிப்பது பௌத்த நெறிக்கு ஒவ்வாது என்று கூறி, இடத்தை அறநிலையத் துறையிடமிருந்து தொல்லியல் துறையின் பொறுப்புக்கு மாற்ற உத்தரவிட்டது. தீர்ப்பு சரிதான் என்பது என் கருத்து. ஆனாலும், போதனை ஒரு வரிகூட நினைவில் இல்லாத மக்களின் கும்பிடுதான் அந்தக் கல்லை இவ்வளவு காலம் உடையாமல், யார் வீட்டு அடித்தளத்துக்கும் போகாமல் காத்திருக்கிறது என்பதையும் மறக்க முடியவில்லை. மரபைக் குப்பை என்று மொத்தமாகத் தள்ளுகிறவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நீ கேட்கும் பிரிவினை நம் ஆட்களுக்குப் புதிதும் அல்ல. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய இதழில் தீபாவளியையும் கார்த்திகைத் தீபத்தையும் பௌத்தப் பண்டிகைகளாகவே விளக்கினார். தீபாவளி எள்ளெண்ணெய் கண்டறியப்பட்ட நாள் என்பது அவர் வாதம். வரலாற்றுச் சான்றாக அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் கிருஷ்ணகிரிக்கு அந்தப்பக்கம் எல்லை தாண்டினால் வரும் கோலார் தங்கவயலில், சுரங்கத்துக்குள் உயிரைப் பணயம் வைத்து இறங்கிய தமிழ்த் தொழிலாளர்களுக்கு, இந்தப் பண்டிகையும் உன்னுடையதுதான் என்று ஒருவர் சொன்னது என்ன செய்திருக்கும் என்பது புரிகிறது. அதே 1907-இல் அறிவியல் பேராசிரியரான லட்சுமி நரசு பௌத்தத்தின் சாரம் பற்றி எழுதிய ஆங்கில நூல் வெளிவந்தது. அவர் நீ போகும் வழி, அற்புதங்களையும் தொன்மங்களையும் ஒதுக்கிப் பகுத்தறிவுக்கு நிற்பதை மட்டும் எடுத்தவர். ஒரே ஊரான சென்னையில், ஒரே காலத்தில், ஒரே பௌத்த இயக்கத்தைச் சுற்றியிருந்த இருவர் எதிரெதிர்த் திசையில் கத்தரித்திருக்கிறார்கள்.

அம்பேத்கரோ இருவரையும் தாண்டிப் போனார். புத்தர் போதனையின் அடிப்படையாகக் கருதப்படும் நான்கு உண்மைகளையே கேள்விக்கு உட்படுத்தி எழுதத் துணிந்த அவர், 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் முதிய துறவி ஒருவரிடம் பாலி மொழியில் சரணமும், சீலம் எனப்படும் ஐந்து ஒழுக்க உறுதிகளும் ஏற்றுக்கொண்ட பிறகு, கூடியிருந்த இலட்சக்கணக்கான மக்களுக்குத் தாமே இருபத்திரண்டு உறுதிமொழிகளைக் கொடுத்தார். சிராத்தம் செய்யமாட்டேன், பிண்டம் வைக்கமாட்டேன் என்பது அவற்றுள் ஒன்று. சடங்கை விடுகிறேன் என்பதையே ஊர் கூடி, எழுந்து நின்று, வாய்விட்டுச் சொல்ல வைத்திருக்கிறார் பார். தனி ஒருவர் அறையில் உட்கார்ந்து கருத்தை மாற்றிக்கொள்ளலாம். நூற்றாண்டுகளாக இழிவு சுமந்த ஒரு சமூகம் தலைநிமிர்வதற்குக் கண்ணுக்குத் தெரியும் ஒரு செயல் தேவைப்படுகிறது என்று அவர் அறிந்திருந்தார்.

உன் அலுவலகத்தில் நடத்துகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மூச்சைக் கவனிப்பது நல்லதுதான். ஆனால் சமயச் சாயம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு சடங்கோடு சீலத்தையும் சேர்த்துக் கழித்துவிடுகிறார்கள். எண்வகை நெறியில் நல்வாழ்வாதாரம் என்ற உறுப்பு இருக்கிறது. ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகிய ஐந்தையும் விற்றுப் பிழைக்காதே என்கிறது. எந்த நிறுவனமாவது தன் ஊழியருக்கு அந்தப் பாடத்தை நடத்துமா? மாதம் இருமுறை துறவிகள் கூடி விதிகளை ஓதுவதுகூட வெளியிலிருந்து பார்க்கச் சடங்குபோலத்தான் தெரியும். ஆனால் ஓதுவதற்கு முன் தன் தவற்றை இன்னொருவரிடம் சொல்லிவிட்டே ஒருவர் அங்கே உட்கார முடியும். சடங்கின் உருவில் இருப்பதெல்லாம் உள்ளீடற்றது என்றால் இதை எங்கே வைப்பாய்?

மறுபிறப்பை நீ ஏற்பதில்லை, நானும் ஏற்பதில்லை. காலாமர் என்ற குலத்து மக்களிடம் பேசியபோது, மறுவுலகம் இருந்தால் நல்ல கதி, இல்லாவிட்டாலும் பகையற்ற மனத்தோடு இங்கேயே நலமாக வாழ்ந்திருப்பேன் என்ற ஆறுதலைப் புத்தரே சொல்கிறார் என்பதால், அதை ஏற்காமலே இந்த நெறியில் நடக்க இடமுண்டு. ஆனால் பிடகங்கள் முழுக்க மறுபிறப்புப் பேச்சு நிறைந்திருக்கிறது. அதெல்லாம் பின்னால் வந்தவர்கள் நுழைத்தது என்று சொல்லித் தப்பிப்பது நேர்மை ஆகாது. எடுப்பது நாம், விடுவதும் நாம் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு செய்வோம். எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகத் தோன்றுவது, ஒன்றைச் சார்ந்தே இன்னொன்று எழுகிறது என்று புத்தர் காட்டிய சார்பில் தோன்றும் முறைதான். போன பட்டத்தில் சித்தப்பா வரப்பை ஒரு முழம் தள்ளி உழுதிருந்தார். கண் அதைப் பார்த்தது, பார்த்ததும் மனம் கசந்தது, கசப்பிலிருந்து அதை மீட்டாக வேண்டும் என்ற வேட்கை எழுந்தது, வேட்கை என் நிலம் என்ற பிடிப்பாக இறுகியது. பார்வைக்கும் கசப்புக்கும் நடுவில் செய்ய ஒன்றுமில்லை. கசப்புக்கும் வேட்கைக்கும் நடுவில்தான் இடைவெளி இருக்கிறது. அதைக் காண விளக்கும் வேண்டாம், ஊதுபத்தியும் வேண்டாம். வரப்பை அளந்து சரிசெய்தோம், கோபமில்லாமல்.

திதி விஷயத்தில் நான் முடிவு செய்திருப்பது இது. சித்தப்பா எள்ளும் தண்ணீரும் இறைப்பார்; அது அவர் நம்பிக்கை, அவருக்கும் ஆயா தாய்தான். நான் படித்துறைவரை கூடப் போவேன், எள் இறைக்கமாட்டேன். அதை அவரிடம் சொல்லிவிட்டேன், முகம் சற்றுச் சுருங்கியது, அவ்வளவுதான். அன்று மதியம் விடுதிப் பிள்ளைகளுக்கு ஆயாவின் பெயரில் சாப்பாடு போடுகிறோம். இதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நீயும் பங்கு தர விரும்பினால் ஆடி பிறந்ததும் அம்மாவின் கணக்குக்கு அனுப்பு கண்ணு. காய்கறிக்கும் சமையல்காரருக்கும் முன்பணம் கொடுக்க வேண்டியிருக்கும்.

உன் நண்பர் நாற்பத்தொன்பதாம் நாள் நினைவுக்கு அழைத்தால் மறுக்காமல் போய்வா. கோயிலுக்குத் தந்த தொகையைப் பற்றி அவரிடம் அன்று எதுவும் கேட்க வேண்டாம்.

அன்புடன்,
அப்பா