செபநூலைப் பிரித்து விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: இடைக்கால லத்தீன் செபநூல்களை ஏடு ஏடாகப் பிரித்து விற்கும் வணிகர்கள், அவற்றுக்கு ஏலப் பட்டியல் எழுதுபவர்கள், வாங்கிச் சட்டம் போட்டு மாட்டுபவர்கள்.

வணக்கம்.

பட்டியல்களில் பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கிறது: செபநூல் ஏடு, பிரான்ஸ், பதினைந்தாம் நூற்றாண்டு, தங்க அலங்காரம், நல்ல நிலை. எந்த நூலிலிருந்து வெட்டியது, அதில் எத்தனையாவது ஏடு, எதிர்ப்பக்கத்தில் என்ன இருந்தது என்ற தகவல் இருக்காது. விலையை ஏற்றுவதற்காக நீங்கள் முன்னால் நிறுத்தும் அந்தத் தங்க அலங்காரத்தின் வேலை என்ன என்பது இந்த மூன்றும் தெரிந்தால்தான் விளங்கும்.

புக் ஆஃப் அவர்ஸ் என்று நீங்கள் பட்டியலில் போடும் நேரச் செபநூல், 13 முதல் 16ஆம் நூற்றாண்டு வரை மேற்கு ஐரோப்பாவில் பொதுநிலையினர் (குருவோ துறவியோ அல்லாதவர்) வீட்டில் வைத்துச் செபித்த நூல். அதில் பொதுவாகப் பக்க எண் கிடையாது, பொருளடக்கமும் கிடையாது. கையடக்கமான கெட்டியான நூலில், மெழுகுவத்தி வெளிச்சத்தில், மாலைச் செபம் எங்கே தொடங்குகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அலங்காரத்தைப் பார்த்துத்தான். முழுப்பக்கப் படமும் நாலாபுறமும் பூங்கரையும் இருந்தால் ஒரு பெரிய பகுதி தொடங்குகிறது. அதன் கீழே மூன்று அல்லது நான்கு வரி உயர முதலெழுத்து இருக்கும். இரண்டு வரி உயர எழுத்து வந்தால் புதிய திருப்பாடல். ஒரு வரி எழுத்து வந்தால் அடுத்த வசனம். வசனம் பாதி வரியில் முடிந்தால் மீதி இடத்தை நீலமும் தங்கமும் கொண்ட பட்டை நிரப்பும். அலங்காரத்தின் அளவே படிநிலை. ஓர் ஏட்டை மட்டும் வெட்டி எடுத்தால் கையில் கிடைப்பது ஏணியின் ஒரு படி.

படங்களுக்கும் வரிசை உண்டு. நாளை எட்டு வேளையாகப் பிரித்துச் சொல்லும் மரியாவின் நேரச் செபத்தில், பிரெஞ்சு நூல்களில் வழக்கமாக, வைகறையில் வானதூதர் மரியாவுக்குச் சொன்ன மங்கள வார்த்தை, காலையில் மரியா எலிசபெத்தைச் சந்திப்பது, முதலாம் மணியில் கிறிஸ்து பிறப்பு, மூன்றாம் மணியில் இடையர்கள், ஆறாம் மணியில் மூவரசர், ஒன்பதாம் மணியில் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்தல், மாலையில் எகிப்துக்குத் தப்பிப்போவது, இரவில் மரியாவின் முடிசூட்டு. இதில் ஒரு வேடிக்கை. அந்தப் படங்களின் கீழே வரும் பெரிய எழுத்து கிட்டத்தட்ட எப்போதும் லத்தீன் 'டி' (D)தான். வைகறைச் செபம் 'தோமினே லாபியா மெயா' என்று தொடங்கும், மற்ற நேரங்கள் 'தேயுஸ் இன் அத்யுத்தோரியும்' என்று தொடங்கும். ஏழு பாவ அறிக்கைத் திருப்பாடல்களுக்கு 'தோமினே நே இன் ஃபுரோரே', இறந்தோருக்கான மாலைச் செபத்துக்கு 'திலெக்ஸி'. இரவுச் செபம் மட்டும் 'கொன்வெர்த்தே நோஸ்' என்று 'சி'யில் (C) தொடங்கும். ஆகவே 'அழகிய டி எழுத்து' என்ற வருணனையால் வாங்குபவருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. அடுத்த சொல்லையும் சேர்த்து எழுதினாலாவது எந்தப் பகுதி என்று ஊகிக்க வழியுண்டு.

நூல் எந்த ஊர் வழக்கப்படி எழுதப்பட்டது என்று அறிவதற்கு எங்களிடம் இருக்கும் எளிய வழி, முதலாம் மணியிலும் ஒன்பதாம் மணியிலும் வரும் முன்மொழியையும் (திருப்பாடலோடு சேர்த்துச் சொல்லும் சிறு வரி) சிறு வாசகத்தையும் பார்ப்பது. ரோம் முறையில் முதலாம் மணிக்கு 'அஸ்ஸும்ப்தா எஸ்த் மரியா', 'குவே எஸ்த் இஸ்தா'. ஒன்பதாம் மணிக்கு 'புல்க்ரா எஸ்', 'இன் பிளாத்தேயிஸ்'. பாரிஸ் முறையில் முதலாம் மணிக்கு 'பெனெதிக்தா து', 'ஃபெலிக்ஸ் நாம்க்வே'. ஒன்பதாம் மணிக்கு 'சிகுத் லிலியும்', 'பெர் தே தேயி'. நான்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒன்றிரண்டு பல ஊர்களுக்குப் பொது. இந்த நான்கு இடங்களும் இரண்டு மூன்று ஏடுகளுக்குள் அடங்கிவிடும். வெறும் எழுத்து மட்டும் உள்ள அந்த ஏடுகள் உங்களிடம் மலிவான சரக்கு. நூலைப் பிரித்த சில மாதங்களில் அவை வெவ்வேறு நாடுகளுக்குப் போய்விடும். அதோடு படமுள்ள ஏட்டுக்கும் ஊர் இல்லாமல் போகும். பிறகு 'பாரிஸ் அல்லது ரூவான்' என்று எழுதுவதற்குப் பாணியைத் தவிர ஆதாரம் இராது.

நூலில் வரும் திருநாள் நாட்காட்டியும் அப்படித்தான். மாதத்துக்கு ஓர் ஏடு வீதம் பன்னிரண்டு ஏடுகள் என்பது வழக்கமான அமைப்பு. சிறப்பு நாட்கள் சிவப்பில் இருக்கும்; பாரிஸ் நூல்கள் சிலவற்றில் சாதாரண நாட்கள் சிவப்பும் நீலமுமாக மாறி மாறி வர, பெருவிழாக்கள் தங்கத்தில் வரும். பாரிஸின் காவல் புனிதர்களான ஜெனவியேவும் (ஜனவரி 3) தெனியும் (அக்டோபர் 9) தங்கத்தில் இருந்தால் பாரிஸ் பக்கம் பார்வை போகும். ஜனவரியை ஒருவருக்கும் அக்டோபரை இன்னொருவருக்கும் விற்றால் அந்த ஒப்பீட்டைச் செய்ய முடியாது. பிறந்த மாதத்துக்கேற்ற பரிசு என்று நாட்காட்டி ஏடுகளை விற்கும் வழக்கம் எங்களுக்கு மிகவும் கசப்பாக இருக்கிறது.

உரிமையாளர் ஆணா பெண்ணா என்பதுகூட ஓர் ஏட்டில் ஒளிந்திருக்கும். 'ஒப்செக்ரோ தே' என்ற மன்றாட்டில் செபிப்பவர் தன்னை 'ஃபாமுலோ துவோ', உம் அடியான், என்பார். பெண்ணுக்காக எழுதிய நூலாக இருந்தால் 'ஃபாமுலே துவே' என்று இருப்பது உண்டு. அது அலங்காரம் குறைந்த ஏடாக இருந்தால் கழிவுக் கட்டில் போய்ச் சேரும்.

இனிக் கத்தியைப் பற்றி. நான்கு தோல்தாள்களை (பதப்படுத்திய விலங்குத் தோல்) நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் எட்டு ஏடு கொண்ட ஒரு கட்டு. முதல் ஏடும் எட்டாம் ஏடும் ஒரே தோல். அதுபோல் இரண்டும் ஏழும், மூன்றும் ஆறும், நான்கும் ஐந்தும். மூன்றாம் ஏட்டில் படம் இருக்கிறது என்று அதை மட்டும் வெட்டினால் ஆறாம் ஏட்டுக்குத் தையலில் பிடிப்பு போய்விடும். சில தடவை புரட்டினால் அதுவும் கழன்று வரும். 'முன்பே தளர்ந்திருந்த நூல், அதனால்தான் பிரித்தோம்' என்று சொல்பவர்கள், முதலில் தளர்த்தியது யார் என்று யோசிக்க வேண்டும்.

'ஏற்கெனவே சில ஏடுகள் இல்லாத நூல்தானே' என்ற வாதமும் நிற்காது. படங்கள் அத்தனையும் போன நூலிலும் நாட்காட்டி, மன்றாட்டுமாலை, முன்மொழிகள் எஞ்சியிருந்தால் அதன் ஊரையும் காலத்தையும் சொல்லிவிடலாம். வெளியே திரியும் படங்களை மீண்டும் அதோடு பொருத்தவும் முடியும். ஒரு பக்கத்தின் நிறம் எதிர்ப்பக்கத்தில் படிந்த தடம், கரைக்கொடியை முன்பக்கத்திலிருந்து தோலின் ஊடே பார்த்துப் பின்பக்கத்தில் இடவலம் மாறிப் படியெடுத்த ஒற்றுமை, ஊசித் துளைகளின் இடைவெளி ஆகிய எல்லாம் இதற்கு உதவும். எஞ்சிய உடலும் சிதறிவிட்டால் எதோடு பொருத்துவது?

இந்தத் தொழிலுக்குப் பழைய நியாயம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கலை கற்பித்த ஆட்டோ எகே (அவர் 1951இல் இறந்தார்), முழு நூலைச் செல்வர்கள் மட்டுமே வாங்க முடியும், ஏடு என்றால் பலருக்கும் கிடைக்கும் என்று வாதிட்டு ஏராளமான கையெழுத்து நூல்களைப் பிரித்தார். அவர் பெயரில் 50 ஏடுகள் கொண்ட பெட்டிகள் 40 தயாராயின. ஒரே நூலின் ஏடுகள் இன்று அமெரிக்காவின் பல நூலகங்களில் கிடக்கின்றன. அவற்றை எண்ணியல் படங்களாக ஒன்றுசேர்க்க ஆய்வாளர்கள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். அன்று அந்த வாதத்தில் ஒரு கடுகளவு நியாயம் இருந்திருக்கலாம். முழு நூலையும் வீட்டிலிருந்தபடி கணினித் திரையில் புரட்ட முடிகிற இன்று அதுவும் இல்லை.

பெரிய ஓவியர்களின் நூல்களும் தப்பவில்லை. பிரான்ஸின் கருவூல அதிகாரி எத்தியேன் ஷெவாலியேவுக்காக ழான் ஃபூக்கே 1450களில் தீட்டிய செபநூலின் 40 படங்கள் பிரான்ஸின் ஷான்டிலியில் இருக்கின்றன; மற்றவை பாரிஸ், லண்டன், நியூயார்க் என்று சிதறின. எழுத்து பெரும்பாலும் போய்விட்டது, படங்களின் வரிசையே ஊகம்தான். பிரெஞ்சு மன்னர் பன்னிரண்டாம் லூயிக்காக ழான் பூர்டிஷோன் தீட்டிய நூலிலும் இதே கதை. எழுத்து ஏடுகள் பிரிட்டிஷ் நூலகத்தில், படங்கள் பல நாடுகளில்.

இனிப் பொருளின் உடல்நிலை. மினுமினுக்கும் தங்கம் வெறும் வண்ணம் என்று பலர் நினைக்கிறார்கள். மெருகிட்ட தங்கத்துக்கு அடியில் ஒரு மேடு இருக்கும். 1400ஐ ஒட்டி இத்தாலிய ஓவியர் செனினோ செனினி தந்த செய்முறையில், நன்றாக நீர்த்து மென்மையாக்கிய ஜிப்சம் மாவோடு அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக ஈயவெள்ளை (ஈயத்திலிருந்து செய்யும் வெள்ளை வண்ணப்பொடி), அதைவிடக் குறைவாகச் சர்க்கரை சேர்த்து அரைத்து, முட்டை வெள்ளைக்கருவில் குழைப்பார்கள். தங்கத்துக்கு வெதுவெதுப்பான நிறம் வர சிலர் செம்மண்ணும் சேர்த்தார்கள். அதை இறகுப் பேனாவாலோ தூரிகையாலோ வைத்து, காய்ந்ததும் சுரண்டிச் சமனாக்கி, வாயால் ஊதுவார்கள். மூச்சின் ஈரத்தைச் சர்க்கரை இழுத்துப் பிடிக்கும். மேல்பரப்பு லேசாகப் பிசுபிசுக்கும். உடனே தங்க ரேக்கை வைத்து அழுத்த வேண்டும். பிறகு அகேட் கல்லாலோ நாய்ப்பல்லாலோ தேய்த்து மெருகு. இதை முடித்த பின்னரே வண்ணம் பூசுவார்கள், ஏனென்றால் ரேக்கு ஈர வண்ணத்திலும் ஒட்டிக்கொள்ளும், மெருகுக்கல் வண்ணத்தைச் சுரண்டிவிடும். 1470களுக்குப் பின், இன்றைய பெல்ஜியத்தின் கெண்ட், புரூஜ் பக்கத்து நூல்களில் பூவும் பூச்சியும் கிடக்கும் மஞ்சள் கரைகள் வேறு வகை. அங்கே தங்கத்தைப் பொடியாக்கிப் பிசினில் கலந்து தூரிகையால் பூசினார்கள். சிப்பி ஓட்டில் வைத்திருந்ததால் சிப்பித் தங்கம் என்பார்கள். அது மங்கலாகத்தான் ஒளிரும். 'தங்க ரேக்கு' என்று அதைப் பட்டியலில் எழுதுவது தவறு.

அந்த மேடு கெட்டியானது, வளையாது. அதன் அடியில் இருக்கும் தோலோ காற்றின் ஈரத்துக்கேற்ப விரியும், சுருங்கும். மயிர்ப்பக்கமும் சதைப்பக்கமும் ஒரே அளவில் அசையாததால் சுருளவும் பார்க்கும். நூலுக்குள் அட்டைகளும் கொக்கிகளும் அதை அழுத்தி வைத்திருக்கும். தனி ஏட்டுக்கு அந்தப் பிடி இல்லை. குளிரூட்டி ஓடும் பகலும் அணைந்த இரவும் மாறி மாறி வர, மேட்டில் வெடிப்பு விழும், பிறகு தங்கத்தோடு சேர்ந்து செதிலாக உதிரும். ஐநூறு ஆண்டு உதிராதது ஐந்து ஆண்டில் உதிர்வது இப்படித்தான்.

வண்ணங்கள் இன்றும் பளிச்சென்று இருக்கக் காரணம் நூல் மூடியே இருந்தது. சாயமர இளஞ்சிவப்பு, செடிச் சாய மஞ்சள் போன்றவை சுவர் வெளிச்சத்தில் வெளிறும். நீலக்கல் நிறங்கள் தாங்கும். ஆகவே மாட்டிய ஏட்டில் நீலம் மட்டும் துருத்தி நிற்கும், ஓவியர் வைத்த சமநிலை போய்விடும்.

வாங்கி வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். வெப்ப அழுத்தியால் ஒட்டச் சொல்லாதீர்கள். சூட்டில் தோல் சுருங்கிக் கண்ணாடிபோல் ஆகும், அதற்குப் பிறகு வைத்தியம் இல்லை. செலோடேப் வேண்டாம், லேமினேஷன் பேச்சே வேண்டாம். வண்ணப்பரப்பு கண்ணாடியில் படக்கூடாது, இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி தரும் அமிலமில்லா அட்டைச் சட்டம் வேண்டும். ஓரங்களை மெல்லிய ஜப்பானியத் தாள் கீல்களால் பிடிக்கலாம். நாலாபுறமும் இறுக்கினால் தோல் இழுபட்டுக் கிழியும். வெளிச்சம் 50 லக்ஸ், ஈரப்பதம் ஏறத்தாழ 50 விழுக்காட்டில் ஆடாமல் இருந்தால் நல்லது. பச்சை வண்ணத்தைச் சுற்றித் தோல் பழுப்பாகியிருந்தால் செம்புப்பச்சை தோலைத் தின்கிறது என்று பொருள். அதைத் துடைக்கவோ நனைக்கவோ வேண்டாம், பாதுகாப்பாளரிடம் கொண்டுபோங்கள். சட்டத்தின் பின்புறம் அடைத்து மறுபக்க எழுத்தை மறைப்பது இன்னொரு கெட்ட பழக்கம். அடையாளம் காண உதவுவது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.

தனி ஏட்டுச் சந்தை போலிகளுக்கும் வசதி. ஸ்பானிஷ் ஃபோர்ஜர் என்று அழைக்கப்படுபவர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், உண்மையான பழைய ஏடுகளைச் சுரண்டி அதன்மேல் படம் தீட்டினார். அவர் பச்சையில் ஆர்செனிக் கலந்த நவீன வண்ணம் இருந்ததை ஆய்வு காட்டிக்கொடுத்தது. முழு நூலில் இந்த வேலை எளிதில் எடுபடாது, பக்கத்து ஏடே சாட்சி சொல்லிவிடும்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். கட்டோடு வந்த எந்த நூலையும், குறையுள்ளதாயினும், கட்டோடே விற்றுவிடுங்கள். ஏலக்காரர்கள், சமீபத்தில் பிரித்த நூலின் ஏடு என்று தெரிந்தால் விற்பனைக்கு எடுக்காதீர்கள். புதிதாக வெட்டிய உள்ளோரம் வெளுப்பாகவும் கூராகவும் இருக்கும், கண் பழகியவர்களுக்கு அது தெரியாமல் போகாது. பழங்காலத்திலேயே பிரிந்த ஏடாக இருந்தால் இரு பக்கத்தையும் அளவுகோலோடு படமெடுத்து, ஏட்டின் அளவும் எழுத்துப் பரப்பின் அளவும் மில்லிமீட்டரில், வரிகளின் எண்ணிக்கை, முதல் நான்கு சொல், கடைசி நான்கு சொல், முன்பு விற்ற விவரம் ஆகியவற்றைப் பட்டியலில் போடுங்கள். மூலையில் பென்சிலால் எழுதிய எண்ணை அழிக்காதீர்கள். நூலில் அது எத்தனையாவது ஏடு என்பதற்குப் பல நேரம் அது ஒன்றே சான்று. தங்கத்தைப் படமெடுக்கும்போது நேர் வெளிச்சத்தில் ஒன்றும், பக்கவாட்டுச் சாய்வெளிச்சத்தில் ஒன்றும் எடுத்தால் மேட்டின் உயரமும் வெடிப்பும் தெரியும். சுவிட்சர்லாந்தின் ஃப்ரைபூர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 2017 முதல் இயங்கும் ஃப்ராக்மென்டாரியம் தளம் சிதறிய ஏடுகளைப் பதிந்து சேர்க்கவே இருக்கிறது. படங்களும் அளவுகளும் அங்கே போய்ச் சேரட்டும்.

சட்டத்துக்குள் ஓர் ஏடு வைத்திருப்பவர்கள் பின்னட்டையைக் கழற்றி மறுபக்கத்தைப் படமெடுப்பதிலிருந்து தொடங்கலாம். பசைபோட்டு ஒட்டியிருந்தால் பிய்க்காமல் அப்படியே விட்டு, ஒட்டியிருக்கிறது என்பதையும் குறித்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கையெழுத்துச் செபநூல்களைப் பதிவதிலும் பேணுவதிலும் ஈடுபட்டவர்கள்