சாப்பாடு ஒத்துக்கவில்லை என்று சொன்ன பிள்ளைக்கு

அன்புள்ள கண்ணா,

வாட்ஸாப்பில் நீளமாக எழுதினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய், அதனால்தான் மெயில். ஆபீஸ் போகும் ரயிலில் உட்கார்ந்து நிதானமாகப் படி. நடுவில் நிறுத்தாதே.

இங்கே நாங்கள் நன்றாக இருக்கிறோம். ஐப்பசி அடைமழை இந்த வருஷம் விட்டு விட்டுப் பெய்கிறது. நேற்று காலை வெயில் சுள்ளென்று அடித்தது, துணியெல்லாம் மாடியில் போட்டேன், பதினொரு மணிக்குக் கொட்டித் தீர்த்துவிட்டது. அப்பா காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னால் வெதர்மேன் பக்கத்தைப் பார்க்கிறார், அப்புறம் செம்பரம்பாக்கத்தில் எத்தனை அடி தண்ணீர் என்று பார்க்கிறார். 2015க்குப் பிறகு அவருக்கு அது சந்தியாவந்தனம் மாதிரி ஆகிவிட்டது. நான் இப்போது இன்னொன்றும் பார்க்கிறேன். உங்கள் ஊர் வானிலை. மெல்போர்ன் என்று போட்டு போனில் முதல் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். காலையில் 12 டிகிரி, மத்தியானம் 31, சாயங்காலம் மறுபடி 16 என்று காட்டுகிறது. முதலில் போன்தான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன்.

நீ போன புதிதில் சொன்னாய், இந்த ஊரில் ஒரே நாளில் நாலு பருவமும் வரும் என்று அங்குள்ளவர்களே சொல்வார்கள், குடையும் கூலிங் கிளாஸும் ஸ்வெட்டரும் ஒரே பையில் வைத்துக்கொண்டு போகிறேன் என்று. அப்போது சிரித்துக்கொண்டே சொன்னாய். நானும் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டேன். ஜூலைக் குளிரில் ஆறு மணி இருட்டில் ரயில் ஸ்டேஷனுக்கு நடந்து போகிறான் என் பிள்ளை என்று கீழ் வீட்டு அக்காவிடம் சொல்லாத நாள் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசினோமே, அதிலிருந்துதான் எனக்குத் தூக்கம் இல்லை. ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லைம்மா, வெளிச் சாப்பாடு ஒத்துக்கலை" என்றாய். சொல்லிவிட்டு போனைத் திருப்பி ஜன்னலைக் காட்டினாய், வெளியே புல் எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறது பாரும்மா என்று. நானும் பார்த்தேன். நல்லாயிருக்கு என்று சொன்னேன். ரசப்பொடி அனுப்பட்டுமா, ஓமம் அனுப்பட்டுமா என்று கேட்டேன். நீ சரி என்றாய். அதற்கப்புறம் ஐந்து நாளாக நீ கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று மெசேஜ் வருகிறது.

ரசப்பொடி கூரியரில் போட்டாயிற்று. அது இருக்கட்டும்.

அந்தப் புல்லைப் பற்றிச் சொல்கிறேன், கேள். மாடி வீட்டுப் பையனை உட்காரவைத்து உங்கள் விக்டோரியா மாநிலத்து சுகாதாரத் துறை எழுதியிருப்பதை எல்லாம் படிக்கச் சொல்லி ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தண்டர்ஸ்டார்ம் ஆஸ்துமா என்று ஒன்று இருக்கிறதாம். உனக்குத் தெரிந்திருக்கும், தெரிந்தும் என்னிடம் சொல்லாமல் இருந்திருப்பாய். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ரை கிராஸ் என்ற புல் பூக்கும், அதன் மகரந்தம் காற்றில் மிதக்கும். இடிமழை கட்டும்போது காற்று அதை மேகத்துக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. அங்கே ஈரம் பட்டு ஒவ்வொரு மகரந்தமும் வெடித்துப் பொடிப்பொடியாகிறது. முழுசாக இருந்தால் மூக்கோடு நின்றுவிடும், தும்மலோடு போய்விடும். பொடியாகிவிட்டால் நுரையீரலின் அடிவரைக்கும் போகும். மழைக்கு முன்னால் வீசுகிற அந்தக் குளிர்ந்த காற்று அதைத்தான் வாரிக்கொண்டு வந்து தரையில் இறக்குகிறது.

2016 நவம்பர் 21, திங்கட்கிழமை. பகலெல்லாம் வெயில் கொளுத்தியிருக்கிறது, சாயங்காலம் ஆபீஸ் விடுகிற நேரத்துக்கு இடிமழைக் காற்று வந்திருக்கிறது. அன்று ராத்திரிக்குள் ஆயிரக்கணக்கான பேர் மூச்சுவிட முடியாமல் ஆஸ்பத்திரிகளுக்கு ஓடியிருக்கிறார்கள், ஆம்புலன்ஸ் பத்தவில்லை, கடைசியில் மொத்தம் பத்து பேர் செத்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு அதற்கு முன்னால் ஆஸ்துமா என்று யாரும் சொன்னதே இல்லையாம், புல் பூக்கிற காலத்தில் மூக்கு ஒழுகும், தும்மல் வரும், அவ்வளவுதான். நம் பக்கத்திலிருந்து போனவர்கள், இந்தியா, இலங்கைக்காரர்கள், அதில் அதிகமாக இருந்தார்களாம். இதைப் படித்துவிட்டு அந்தப் பையன் நிறுத்திவிட்டான், ஆன்ட்டி போதுமா என்று கேட்டான். நான்தான் முழுசும் படி என்றேன். அந்த நவம்பரில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்துப் பார்த்தேன். பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டை வைத்துக்கொண்டு நீயும் அப்பாவும் மாறி மாறி பேங்க் வாசலில் நின்றீர்கள். உலகத்தில் இப்படி ஒன்று நடந்தது நம் காதில் விழவே இல்லை.

நமக்கு மழை என்றால் தண்ணீர்தானே பயம். எவ்வளவு பெய்தது, எந்த ஏரி நிரம்பியது, எத்தனை கன அடி திறந்தார்கள், அதுதானே கணக்கு. உங்கள் ஊரில் வருஷம் முழுக்கப் பெய்வதே 60 சென்டிமீட்டர் சொச்சம்தானாம். 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. அதைப் பார்த்த நமக்கு அங்கே பெய்வது ஒரு மழையாகவே தெரியாது. ஆனால் அங்கே பயப்பட வேண்டியது மழைக்கு முன்னால் வருகிற காற்றுக்கு. நீயோ மழை வாசனை வந்தாலே ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிற ஆள். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். தயவுசெய்து அங்கே அப்படி நிற்காதே. வானம் கறுத்தால் உள்ளே போய்விடு, ஜன்னல், கதவு எல்லாம் சாத்திவிடு, ஏசி போட்டால் வெளிக்காற்றை இழுக்காத மாதிரி வை. இன்ஹேலர் பம்பு சட்டைப் பாக்கெட்டில் இருக்கட்டும். பையில் வேண்டாம், பை ஆபீஸில் மேஜைக்கு அடியில் கிடக்கும், நீ வேறெங்கோ இருப்பாய். சட்டைப் பாக்கெட்.

ஆமாம், பம்பு என்றுதான் எழுதியிருக்கிறேன். வீடியோவில் நீ போனைத் திருப்பும்போது மேஜைமேல் நீல நிறத்தில் நின்றதை நான் பார்த்தேன். அதைப் பார்ப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். நீ பேசும்போது ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி உள்ளே போய் வந்தது. முப்பது வயசானாலும் அந்தக் குழி எனக்குத் தெரியாதா?

"சாப்பாடு ஒத்துக்கலை." இந்த வார்த்தையை உனக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. எனக்கு இருக்கிறது. திண்டிவனத்தில் பெரியம்மா வீட்டுக் கல்யாணம், உனக்குப் பதினோரு வயசு. கிளம்பும்போது உன் பம்பு பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தது. நான் அதை மறந்துவிட்டுப் போனதாகத்தான் இத்தனை வருஷமும் எல்லாரிடமும் சொன்னேன், அப்பாவிடமும். மறக்கவில்லை கண்ணா. கையில் எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். கல்யாண வீட்டில் நாலு பேர் பார்ப்பார்கள், பையனுக்கு இழுப்பு என்று ஊர் முழுக்கப் பேசுவார்கள், நாளைக்கு அவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள் என்று நினைத்தேன். பதினோரு வயசுப் பிள்ளைக்குப் பெண் பார்த்தேன்.

ராத்திரி ஒரு மணிக்கு ஆரம்பித்தது. வெளியே நல்ல மழை, மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்து எல்லாரும் படுத்திருந்தார்கள். நீ எழுந்து உட்கார்ந்துகொண்டாய். இரண்டு கையையும் முட்டிமேல் ஊன்றி, தோள் இரண்டும் காதுவரைக்கும் ஏறி ஏறி இறங்க, வாயைத் திறந்துகொண்டு. அழக்கூட இல்லை, அழுதால் மூச்சு பத்தாது என்று உனக்கு அந்த வயசிலேயே தெரிந்திருந்தது. நான் உன் முதுகைத் தடவிக்கொண்டே, சத்தம் போடாதே கண்ணா, யாராவது எழுந்துவிடுவார்கள் என்று சொன்னேன். நாலு மணி வரைக்கும் அப்படி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உதடு நிறம் மாறின பிறகுதான் அப்பாவை எழுப்பினேன். ஆட்டோவில் போகும்போது பெரியம்மா ஓடி வந்து என்ன ஆச்சு என்று கேட்டாள். "சாப்பாடு ஒத்துக்கலை" என்றேன். மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நீயும் அதையே சொன்னாய். "சாப்பாடு ஒத்துக்கலை பெரியம்மா." என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாய், சரியாகச் சொன்னேனா என்று கேட்கிற மாதிரி.

அதற்கப்புறமாவது திருந்தினேனா? பம்பு அடித்தால் பழகிவிடும், பிறகு விடாது என்று யார் யாரோ சொன்னதைக் கேட்டேன். டாக்டர் எழுதிக்கொடுத்ததை ஒன்றுவிட்டு ஒருநாள் கொடுத்தேன். மூன்று ஜூன் மாதம் உன்னை ஹைதராபாத் மீன் மருந்துக்கு இழுத்துக்கொண்டு போனேன், அந்தக் கூட்டத்தில் உயிர் மீனை உன் வாயில் போட்டபோது என் கையைக் கிள்ளினாயே, அந்தத் தழும்பு போய்விட்டது, எனக்கு ஞாபகம் போகவில்லை. வெள்ளத்தில் ராத்திரி நேரம் பாட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறினாய், ஜாபர்கான்பேட்டையில் அந்தத் தெரு முழுக்க உன்னைப் பற்றித்தான் பேசினார்கள். தண்ணீர் வடிந்த பிறகு சுவரெல்லாம் கறுப்பாகப் பூசணம் பிடித்து, பொங்கல் வரைக்கும் நீ இழுத்துக்கொண்டு கிடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. நீ பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் பம்பு அடிப்பாய். வெளியே நின்று கேட்டிருக்கிறேன். கேட்காத மாதிரி சமையலறைக்குப் போய்விடுவேன்.

இப்போது நம் பேட்டை நெஞ்சு டாக்டரிடம் நானே போய்க் கேட்டேன், நீ இல்லாமல், உன் பழைய சீட்டை எடுத்துக்கொண்டு. பம்பு பழக்கமாகாது அம்மா என்று பொறுமையாகச் சொன்னார். நீல பம்பு அப்போதைக்கு மூச்சுக்குழாயைத் திறந்துவிடுவதற்கு மட்டும்தானாம். உள்ளே இருக்கிற வீக்கத்தை அது குறைக்காது, அதற்குத் தினமும் எடுக்க வேண்டிய இன்னொரு பம்பு இருக்கிறது, நன்றாக இருக்கிற நாளிலும் விடக்கூடாது என்றார். நீலத்தையே அடிக்கடி எடுக்கிறான் என்றால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம் என்றார். நீ அந்த இன்னொன்றை எடுக்கிறாயா? அங்கே நீல பம்பு சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் கிடைக்குமாமே. அதனால்தான் டாக்டரிடம் போகாமல் அதையே வாங்கி வாங்கி அடித்துக்கொண்டு ஓட்டுகிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. தப்பாக இருந்தால் திட்டு. சரியாக இருந்தால் இந்த வாரமே டாக்டரைப் பார். லீவு கேட்கத் தயங்காதே. நாலு நாள் சேர்த்து ஊர் சுற்ற லீவு எடுக்கிறாய் அல்லவா.

அந்த மாநிலத்தில் தினமும் இதற்கு முன்னறிவிப்பு போடுகிறார்களாம், டிசம்பர் கடைசி வரைக்கும், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று. ஆரஞ்சு, சிவப்பு வந்தால் சாயங்காலம் அந்தப் புல்வெளிப் பக்கம் நடக்கப் போகாதே. உங்கள் டார்னிட் பக்கம்தான் சுற்றிலும் புல்தரை என்று நீயே சொன்னாய். பம்பு பாக்கெட்டில். உடன் இருக்கிற பையன்கள் இரண்டு பேருக்கும் சொல்லிவை. மூச்சு முட்டினால் ஸ்பேசரில், பம்போடு மாட்டுகிற அந்தக் குழாயில், நாலு தடவை, ஒவ்வொன்றாக, ஒவ்வொரு தடவைக்கும் நாலு மூச்சு இழுக்க வேண்டும், நாலு நிமிஷம் பார்த்துக் குறையவில்லை என்றால் மறுபடி நாலு, அப்படியும் குறையவில்லை என்றால் ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டும். உனக்கு மூச்சு முட்டும்போது உன்னால் சொல்ல முடியாது, அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். சாப்பாடு ஒத்துக்கவில்லை என்று அவர்களிடமும் சொல்லியிருந்தால் அவர்கள் உனக்கு ஜெலூசில் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஜாதகம் கேட்டு வந்த அந்த வேளச்சேரி வீட்டில், பையனுக்கு ஆஸ்துமா இருக்கிறது, மருந்து எடுக்கிறான், நன்றாக இருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். அப்பா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் என்ன நினைத்தாலும் எனக்குக் கவலையில்லை.

சைதாப்பேட்டை மாமாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்துவிட்டது, அண்ணி இரண்டு மாசம், இதெல்லாம் அப்புறம் எழுதுகிறேன்.

நேற்று பெரியம்மாவுக்கு போன் செய்து திண்டிவனத்தில் அன்றைக்கு ராத்திரி என்ன நடந்தது என்று முழுசும் சொன்னேன். பம்பை வேண்டுமென்றே வைத்துவிட்டு வந்ததையும் சொன்னேன். கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை, லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் மெதுவாகச் சொன்னாள், அவள் மருமகள் கைப்பையிலும் ஒரு பம்பு இருக்கிறதாம், இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகிலிருந்து. வெளியே எடுக்காதே என்று பெரியம்மாதான் அவளிடம் சொல்லிவைத்திருக்கிறாளாம்.

ரயிலிலிருந்து இறங்கியதும் கூப்பிடு. எந்த நேரமானாலும் பரவாயில்லை.

அம்மா