பத்துப் பேரை முடிச்சிட்டு அடுத்த பெட்டி

தக்கலை
ஞாயிறு மத்தியானம்

மக்ளே,

நீ அனுப்பின போட்டோவைப் பார்த்தேன். மூணு பெரிய பெட்டி நிறைய பொம்மைப் பட்டாளம், பெயிண்ட் குப்பி நாப்பதுக்குக் குறையாது, பிரஷ் ஒரு கட்டு. நைட் டூட்டி முடிஞ்ச கையோட கடைக்குள்ள ஏறியிருப்பே போல. நாட்டிங்காம்ல இருந்துகிட்டு இதுல மாட்டாம இருக்கதும் கஷ்டந்தான், பொம்மைப் படை வச்சு ஆடுற வார்ஹாமர் சண்டை ஆட்டக் கம்பெனிக்குத் தலைமையிடமே அந்த ஊருதானே. அம்மை விலை என்னன்னு கேட்டா. நான் வாயைத் திறக்கல்ல.

மஸ்கட்டுல டிராப்ட்ஸ்மேனா இருந்தப்போ, எங்க இன்ஜினியர் சாயிப்பு வீட்டுச் சாப்பாட்டு மேசையில வாட்டர்லூ சண்டை மாசக்கணக்கா கிடந்த கதையை ஒனக்குப் பல தடவை சொல்லியிருக்கேன். அவர் முதல்ல என் கையில தந்தது பத்தே பத்து பட்டாளக்காரனை. "முடிச்சிட்டு வா"ன்னார். ரெண்டு மாசம் ஆச்சு. நீயும் அப்படியே செய்: ஒரு பெட்டியைப் பிரிச்சு பத்துப் பேரை எடு, மத்த ரெண்டையும் கட்டிலுக்கு அடியில தள்ளு. அங்க எல்லாரும் 2,000 பாயிண்ட் படைன்னு (படையோட பலத்துக்குப் போடுற கணக்கு) பேசுவாங்க, காதுல வாங்காதே. 44க்கு 30 இஞ்ச் மேசையில சின்னப் படையை வச்சு ஆடுற ஆட்டமும் வார்ஹாமர்ல உண்டு, ஆரம்பத்துக்கு அது தாராளம்.

பொம்மை ஒட்டிக்கிட்டிருக்கிற பிளாஸ்டிக் சட்டத்துல இருந்து அதைக் கையால முறிக்காதே, கிளிப்பர் வச்சு வெட்டு. அச்சு ரெண்டும் சேர்ந்த இடத்துல மெல்லிசா ஒரு கோடு ஓடும், அதைக் கத்தியோட முதுகால சுரண்டிவிடு. இப்போ தெரியாது, பெயிண்ட் அடிச்ச பிறகு அதுதான் கண்ணைக் குத்தும். பிளாஸ்டிக்குக்கு பிளாஸ்டிக் சிமெண்ட் போதும், அது ரெண்டு பக்கத்தையும் உருக்கி ஒண்ணாக்கிடும். ரெசினுக்கும் உலோகத்துக்கும் அது வேலைக்கு ஆகாது, சூப்பர் குளூதான்.

பெயிண்டுக்கு முந்தி அடிப்பூச்சா அடிக்கிற பிரைமர் விஷயத்துல நான் பட்டதைக் கேளு. எடவப்பாதி மழை கொஞ்சம் விட்ட நேரமாப் பார்த்து மொட்டைமாடியில வச்சு ஸ்பிரே அடிச்சேன். காத்துல இருந்த ஈரம் நமக்குத் தெரியுமா? மேசையில நான் ஆடுற குளச்சல் சண்டைக்கு வச்சிருந்த இருபது டச்சுக்காரனும் அரிசிமாவுல புரண்டு எழுந்தவன் மாதிரி சொரசொரன்னு ஆயிட்டான். ஒங்க ஊர்லயும் ஈரமும் குளிரும் உண்டு. அதனால பிரஷ்ஷால அடிக்கிற பிரைமர் வாங்கிக்கோ.

பெயிண்டைக் குப்பியில இருந்து அப்படியே எடுத்துப் பூசாதே. தண்ணி விட்டு, பாலை விடக் கொஞ்சம் கெட்டியா ஆக்கிக்கோ. ஒரு தடவை பூசினா அடி தெரியும், வெப்ராளப்படாதே. காய விட்டு ரெண்டாவது தடவை பூசு. தடிமனா அப்பினா மூக்கும் பொத்தானும் மூழ்கிப் போகும். மூணு சைபர் போட்ட முடி மாதிரி பிரஷ்ஷை வாங்கிட்டேன்னு பெருமையா எழுதியிருக்கே. அதுல பெயிண்ட் பொம்மைக்குப் போய்ச் சேரதுக்கு முந்தியே காஞ்சிடும். நுனி கூர்மையா இருக்கிற 1 இல்ல 2ஆம் நம்பர் போதும். பிறகு வாஷ் விடு, அதான் தண்ணியா இருக்கிற கருத்த பெயிண்ட். குழியில எல்லாம் கருப்பு தானா போய் உட்காரும், அதுக்கு மேல எடுப்பான இடத்துல மட்டும் காஞ்ச பிரஷ்ஷால லேசா ஒரு தடவு. பாதி வேலை அங்கேயே முடிஞ்சிரும். கண்ணு வரைய மட்டும் அவசரப்படாதே. சிலைக்குக் கண் திறக்கிறது கடைசிக் காரியம் கேட்டியா. 28 மில்லிமீட்டர் ஆளுக்குக் கருமணி இல்லாட்டாலும் மேசைக்கு மூணடி தள்ளி நிக்கிறவனுக்குத் தெரியவா போகுது?

ஆனா எல்லாம் பூசி முடியட்டும்னு ஆடாம இருக்காதே. விதிப் புத்தகத்தை முழுசும் படிச்சிட்டு ஆடுறேன்னு நினைச்சா இந்த ஜென்மத்துல ஆட மாட்டே. ஏற்கனவே ஆடத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட, "நான் புதுசு, பைய ஆடலாமா"ன்னு கேளு. ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோ: பத்துப் பேர் சுடுறான், பகடையில 4ஓ அதுக்கு மேலயோ விழுந்தா பட்டுது, திரும்ப உருட்டி 4ஓ அதுக்கு மேலயோ விழுந்தா காயம்னா, சராசரிக்கு ரெண்டரைப் பேருக்குத்தான் காயம். பத்துப் பேரும் சாவான்னு நம்பி நடுவெளியில போய் நிக்காதே. பகடை சரிஞ்சு நின்னா சண்டை போடாம திரும்ப உருட்டு.

இங்க என் குளச்சல் சண்டை இன்னும் முடியல்ல. 1741 டச்சுக்காரனுக்கு ஐரோப்பிய சிப்பாய்ப் பொம்மையே பொருந்திடுது. திருவிதாங்கூர்ப் படைக்கு ஆள் கிடைக்காம, முக்கோணத் தொப்பியை வெட்டிட்டு பிசையுற புட்டி மாவுல குடுமி வச்சிட்டிருக்கேன். 1/72 அளவு, மெத்துன பிளாஸ்டிக். முதல்ல சோப்புத் தண்ணியில கழுவாட்டா பெயிண்ட் உரிஞ்சு போகுது. பாறைக்கு மட்டும் செலவில்ல. பக்கத்து விளையில இருந்து ரப்பர் பால் வாங்கி அம்மோனியா சேர்த்து, செங்கல்லு மேல அடுக்கடுக்கா பூசிக் காய வச்சு உரிச்சா அச்சு ரெடி. அதுல பிளாஸ்டர் ஊத்தினா போதும். நாத்தத்துக்கு அம்மை என்னை மாட்டுத் தொழுத்துக்கு விரட்டிட்டா.

எதிராளி பாறசாலைக்காரர், ரிட்டயர்டு கண்டக்டர். டச்சுப் பக்கந்தான் வேணும்னு அடம்பிடிப்பார், மூணுக்கு ரெண்டு தடவை ஜெயிச்சும் போவார். நம்ம வீட்டுல இருந்து நடந்து போற தூரத்துல, உதயகிரிக் கோட்டையில, லத்தீன்லயும் தமிழ்லயும் எழுதின கல்லுக்குக் கீழே, குளச்சல்ல பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் படுத்திருக்கார். என் மேசையில அவரை நான் இதுவரைக்கும் ஒரு தடவைதான் பிடிச்சிருக்கேன்.

கிறிஸ்துமஸுக்கு வரும்போது அந்தப் பத்துப் பேரையும் கைப்பையில வச்சுக் கொண்டு வா, லக்கேஜுல போட்டா கை ஒடிஞ்சிரும். எனக்கு பிரவுன் வாஷ் ஒரு குப்பி. விலைச் சீட்டைக் கிழிச்சிட்டுக் கொண்டு வா.

அப்பா