ஒரு வரியில் நாலு தப்பு: செயலரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். செயலர் அறிக்கை என்றால் முதலில் சாதனை, அப்புறம் நன்றி, கடைசியில் கணக்கு என்று போவதுதான் வழக்கம். இந்த வருஷம் நான் மன்னிப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. போன தீபாவளிக்கு நாம் அச்சடித்த காலண்டரில் ஆகஸ்ட் மாதத்துக்கு ஒரு படம் போட்டோம், ஞாபகம் இருக்கும்: பலகை அடித்து மூடிய டெரிக் (கிணறு தோண்ட நிறுத்தும் கோபுரம்), அதன் முன்னால் உயரத் தொப்பி போட்ட இரண்டு பேர். அதன் கீழே "உலகின் முதல் எண்ணெய்க் கிணறு, அதைத் தோண்டிய டிரேக்கும் அங்கிள் பில்லியும், 1859" என்று எழுதியது நான். தலைவர் பார்த்துத் தரட்டுமா என்று கேட்டார், அவசரம், வேண்டாம் என்று சொன்னதும் நானேதான். அந்த ஒரு வரியில் நாலு தப்பு. இந்த வருஷம் நாம் உருப்படியாகச் செய்ததெல்லாம் அந்தத் தப்புகளைத் துரத்திக்கொண்டு போனதில் வந்தவைதான்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நாம் குடியிருக்கும் பிட்ஸ்பர்க்கும் அதைச் சுற்றியுள்ள மேற்குப் பென்சில்வேனியாவும் அப்பலாச்சிய மலைப் பகுதியைச் சேர்ந்தவை. இந்த மலைநாட்டில் 19ஆம் நூற்றாண்டில் ஜனங்கள் எப்படி இருந்தார்கள் என்பதைப் பழைய புகைப்படங்களை வைத்துப் பார்ப்பது, முடிந்தால் அந்த இடத்துக்கே போய் நின்று பார்ப்பது, இவ்வளவுதான் நம் வேலை. ஊரில் நடக்கும் மற்ற விழாக்களுக்கும் நமக்கும் போட்டி எதுவும் இல்லை.

மே மாதம் இரண்டு வேனில் வடக்கே, அந்தக் கிணறு தோண்டிய டைட்டஸ்வில் ஊருக்குப் போனோம். ஏறக்குறைய நூறு மைல். போகிற வழியெல்லாம் மழை, புளியோதரையை வேனுக்குள்ளேயே சாப்பிட வேண்டியதாயிற்று. கிணறு இருந்த இடத்தில் இப்போது பழையது மாதிரியே ஒரு டெரிக்கும் எஞ்சின் கொட்டகையும் கட்டி வைத்து, பக்கத்தில் அருங்காட்சியகமும் வைத்திருக்கிறார்கள். எட்வின் டிரேக் ரயிலில் கண்டக்டராக இருந்தவர். கர்னல் என்ற பட்டம் சும்மா, ஊரார் மதிக்க வேண்டும் என்று அவரை அனுப்பிய எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் கடித உறையில் எழுதி அனுப்பியது, அப்படியே ஒட்டிக்கொண்டது. 1859 ஆகஸ்ட் 27 அன்று அறுபத்தொன்பதரை அடி ஆழத்தில் வேலையை நிறுத்திவிட்டுப் போனார்கள். மறுநாள் ஞாயிறு, கிணற்றை எட்டிப் பார்த்த அங்கிள் பில்லி, அதாவது வில்லியம் ஸ்மித் என்ற கொல்லர், குழாய்க்குள் எண்ணெய் மிதப்பதைக் கண்டார். அந்தக் கொட்டகையும் டெரிக்கும் அதே வருஷம் அக்டோபரில் தீப்பிடித்து எரிந்துபோயின.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் நம் உறுப்பினர் ஒருவரின் மகள் கேட்டாள்: "அக்டோபர்லயே எரிஞ்சுபோச்சுன்னா, நம்ம காலண்டர்ல நிக்கிறது எது அங்கிள்?" எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் படத்தை எடுத்த போட்டோகிராபர் ஜான் மேதர் டைட்டஸ்வில்லுக்கு வந்து சேர்ந்ததே 1860இல்தான். ஆகவே அந்தப் படம் 1859ஆக இருக்கவே முடியாது. நிற்கிற டெரிக் இரண்டாவதாகக் கட்டியது. உலகின் முதல் கிணறு என்பதும் நிற்காது, அஜர்பைஜானில் பாக்கு நகரத்துப் பக்கமும் கனடாவிலும் அதற்கு முன்பே எண்ணெய் எடுத்திருக்கிறார்கள். ஆக மூன்று தப்பு.

நாலாவதை ஜூன் கூட்டத்தில் கண்டுபிடித்தோம். படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கிப் போட்டு, எழுதியிருப்பதை மறைத்துவிட்டு, என்ன தெரிகிறது என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னோம். பொருளாளர் அக்கா எடுத்த எடுப்பில் சொன்னார், "கிணறு தோண்டுற கொல்லன் இம்மாம் பெரிய தொப்பியும் நீளக் கோட்டும் போட்டுக்கிட்டா நிப்பான்?" சரியான கேள்வி. வலது பக்கம் தாடியோடு நிற்பவர் டிரேக். கூட நிற்பவர் பில்லி இல்லை, பீட்டர் வில்சன் என்ற உள்ளூர் மருந்துக்கடைக்காரர். கம்பெனி பணம் அனுப்புவதை நிறுத்தியபோது 500 டாலர் கடனுக்கு டிரேக்குக்காகக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் கிணறே பாதியில் நின்றிருக்கும், ஆகவே படத்தில் நிற்க அவருக்கும் உரிமை உண்டுதான். ஆனால் உண்மையில் கை கறுக்க வேலை செய்த கொல்லரின் பெயரை மருந்துக்கடைக்காரருக்குக் கொடுத்து, கொல்லரைப் பார்த்துவிட்டோம் என்று ஊரே திருப்திப்பட்டுக்கொண்டிருக்கிறது. நான் மட்டும் இல்லை, இதே தப்போடு இந்தப் படம் பல இடத்தில் சுற்றுகிறது. அது எனக்குச் சின்ன ஆறுதல்.

இடையில் ஒரு வேடிக்கை. ஜூன் கூட்டத்து அழைப்பிதழில் போட்டோகிராபர் மேதரின் பெயரை நான் "மாதர்" என்று எழுதியிருந்தேன். "மாதர் படக் கண்காட்சி" என்பதைப் பார்த்துவிட்டு மகளிர் நிகழ்ச்சி என்று நினைத்து நாலு பேர் பெண்களை மட்டும் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து மேதர் என்றே எழுதுகிறோம்.

மேதரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வருஷம் நமக்குச் சோறு போட்டவர் அவர்தான். இங்கிலாந்தில் பிறந்தவர். அந்தக் காலத்தில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைக் கண்ணாடியில் ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, அது காய்வதற்குள் படமெடுத்து, காய்வதற்குள் கழுவியும் முடிக்க வேண்டும். பத்து நிமிஷம் தாண்டினால் கண்ணாடி வீண். எங்கே படமெடுக்கிறோமோ அங்கேயே இருட்டறையும் வேண்டும். மேதர் அதற்காக ஒரு படகிலேயே இருட்டறை வைத்து ஆயில் கிரீக் ஓடையில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தார். அந்தப் படங்களில் வானம் எப்போதும் வெள்ளைத் துணி மாதிரி இருக்கும், அந்தக் கண்ணாடித் தட்டுக்கு நீல நிறத்தின் மேல் அவ்வளவு மோகம். மனிதர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். குதிரைக்கு யார் சொல்வது? அது தலையை ஆட்டியிருக்கும், கழுத்துக்கு மேலே புகை மாதிரி கலைந்திருக்கும். அப்படித் தலையில்லாத குதிரை பூட்டிய, பீப்பாய் ஏற்றிய வண்டிகளைப் பார்த்துக் குழந்தைகள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. முழங்கால் வரை சேறு. எண்ணெயும் சேறும் கலந்த அந்தக் குழம்பில் நடந்தே குதிரைகளுக்கு ரோமம் உதிர்ந்துபோகுமாம். 1865இல் பிட்ஹோல் ஊரிலிருந்து ஐந்து மைலுக்கு எண்ணெய்க் குழாய் போட்டபோது வண்டிக்காரர்கள் அதை உடைக்கப் பார்த்தார்கள், பிழைப்பு போகிறதே என்று. அந்த பிட்ஹோல், ஜனவரியில் வெறும் பண்ணை, செப்டம்பரில் 15,000 ஜனம். எண்ணெய் வற்றியதும் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள், கடைசியில் ஊர் விலைபோனது 4 டாலர் 37 சென்டுக்கு. இப்போது அங்கே புல்லை வெட்டித் தெருக்கள் இருந்த தடத்தைக் காட்டுகிறார்கள், பார்க்க வேறொன்றும் கிடையாது.

மேதர் எடுத்ததில் பெரும்பங்கு 1892 ஜூனில் ஆயில் கிரீக்கில் வந்த வெள்ளத்திலும் தீயிலும் போய்விட்டது. ஆயிரக்கணக்கான கண்ணாடிகள். தப்பித்தது மூவாயிரத்துச் சொச்சம், அது இப்போது டிரேக் கிணற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்த டைட்டஸ்வில் பயணத்தில் திண்டுக்கல்லிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு அம்மாவும் வந்திருந்தார்கள். மரப்பெட்டி ஒன்றுக்கு இரண்டு டின் வீதம் அடைத்து மண்ணெண்ணெய் கப்பலில் ஏறிய கதையைச் சொன்னதும் சட்டென்று, "அப்ப எங்க பாட்டி சொல்ற கிருஷ்ணாயிலு இங்கேர்ந்துதான் வந்துச்சா?" என்றார்கள். பாட்டி காலத்துக்கு ரஷ்யா, பர்மா என்று பல இடத்திலிருந்து வந்திருக்கும். ஆனால் அதற்கு முந்தி, 1870களில் இந்தியாவுக்கு வந்த அமெரிக்க மண்ணெண்ணெய் பெரும்பாலும் இந்தப் பென்சில்வேனிய எண்ணெய்தான். கெரசின் ஆயில் நம் வாயில் நுழைந்து கிருஷ்ணாயில் ஆனதை யாரும் படமெடுத்து வைக்கவில்லை.

ஜூலையில் ஒரு நஷ்டம். இணையத்தில் ஒருவர் மேதர் எடுத்த அசல் பிரிண்ட் என்று விற்றதை 85 டாலருக்கு வாங்கினோம், முடிவு என்னுடையது. வந்ததும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கிறது, செய்தித்தாள் படத்தில் இருக்குமே அது மாதிரி. அந்தக் காலத்து ஆல்புமன் தாளில் (முட்டை வெள்ளைக்கரு பூசிய போட்டோத் தாள்) புள்ளி இருக்காது, ஆகவே இது ஏதோ புத்தகத்திலிருந்து கிழித்த பக்கம். விற்றவருக்கு மூன்று முறை எழுதியும் பதில் இல்லை. இனி எது வாங்கினாலும் இரண்டு பேர் பார்த்த பிறகுதான் என்று தீர்மானம் போட்டிருக்கிறோம்.

அக்டோபரில் ஜான்ஸ்டவுன் பயணம். 1889 மே 31 அன்று பதினாலு மைல் மேலே இருந்த சவுத் ஃபோர்க் அணை உடைந்து, ஒரு மணி நேரத்துக்குள் ஊருக்கு வந்து சேர்ந்தது தண்ணீர், 2,209 பேர் செத்தார்கள். அந்த அழிவைப் படமெடுக்க நாடு முழுக்க இருந்து போட்டோகிராபர்கள் வந்து குவிந்தார்கள், அதற்குள் முன்கூட்டியே தயாரித்து வைக்கிற காய்ந்த கண்ணாடித் தட்டு வந்துவிட்டதால் படகும் இருட்டறையும் தேவைப்படவில்லை. ஸ்டீரியோஸ்கோப் என்ற கருவியில் வைத்து இரண்டு கண்ணாலும் பார்த்தால் ஆழம் தெரிகிற ஸ்டீரியோ அட்டைகளாக அச்சடித்து விற்றார்கள். நாமும் ஒரு பழைய ஸ்டீரியோஸ்கோப்பும் சில அட்டைகளும் வாங்கியிருக்கிறோம். ஷுல்ட்ஸ் வீட்டுப் படத்தை அதில் வைத்துப் பாருங்கள். வீடு பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது, மாடி ஜன்னல் வழியாக ஒரு முழு மரம் நுழைந்து, வேர் நேராக நம் மூக்குக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். முதல்முறை பார்க்கிற யாரும் தலையைப் பின்னால் இழுக்காமல் இருக்க மாட்டார்கள். உள்ளே இருந்த ஆறு பேரும் பிழைத்தார்கள் என்கிறார்கள்.

ஆனால் எனக்குத் தூக்கம் கெட்டது அந்தப் படத்தால் இல்லை. அணைக்கு மேலே பிட்ஸ்பர்க் பணக்காரர்களின் மீன்பிடி கிளப் ஒன்று இருந்தது, பெரிய தொழிலதிபர்களான கார்னகியும் ஃப்ரிக்கும் அதில் உறுப்பினர்கள். அந்தக் கிளப்பில் ஒரு இளைஞர், லூயிஸ் கிளார்க், போட்டோ பிடிப்பதில் பைத்தியம். வெள்ளத்துக்கு முந்தைய கோடைகளில் அவர் எடுத்த படங்கள் இருக்கின்றன: ஏரியில் பாய்மரப் படகு, மரவீடுகளின் வராந்தாவில் தொப்பியும் குடையுமாகப் பெண்கள், எல்லோர் முகத்திலும் விடுமுறை. தண்ணீர் சலனமில்லாமல் கண்ணாடி மாதிரி கிடக்கிறது. அதே தண்ணீர்தான். அணையின் அடிக்குழாய்களை முந்தைய சொந்தக்காரர் பழைய இரும்புக்கு விற்றிருந்தார், கிளப்காரர்கள் வண்டி போகட்டும் என்று அணை உச்சியைத் தாழ்த்தினார்கள், மீன் தப்பிக்காமல் இருக்க மறுகாலில் கம்பிவலை அடித்தார்கள். எந்தக் கோர்ட்டும் அவர்களைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. கிளார்க்கின் படங்களையும் வெள்ளப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நவம்பர் கூட்டத்தில் காட்டினோம். டீ ஆறிப்போயிற்று, யாரும் எடுக்கவில்லை.

இனி கணக்கு. ஆண்டுத் தொடக்கத்தில் கையிருப்பு 318 டாலர். 31 குடும்பங்களின் சந்தா தலா 25 வீதம் 775. காலண்டர் 62 விற்றதில் 496. ஆக வரவு 1,589. செலவில் காலண்டர் அச்சுக்கு 610, வேன் வாடகை 420, ஸ்டீரியோஸ்கோப்பும் அட்டைகளும் 140, டீ, சுண்டல் வகையில் 96, மேலே சொன்ன ஏமாந்த கணக்கு 85. போக மீதி 238. கூட்டம் நடத்த அறையை இலவசமாகத் தந்த நூலகத்துக்கும், இரண்டு பயணத்திலும் வேன் ஓட்டிய தம்பிகளுக்கும் நன்றி.

அடுத்த வருஷம் தெற்கே டென்னசிக்கு, நாக்ஸ்வில் போகலாம் என்று பேச்சு. 1864இல், உள்நாட்டுப் போர் நடுவில், ஜார்ஜ் பர்னார்ட் அங்கே எடுத்த படங்கள் இருக்கின்றன, மரம் வெட்டிய மொட்டைக் குன்றும் கோட்டையுமாக. எட்டு மணி நேரப் பயணம், ஒரு ராத்திரி தங்க வேண்டும். வர விருப்பமுள்ளவர்கள் பிப்ரவரிக்குள் சொல்லிவிடுங்கள்.

விற்காமல் 38 காலண்டர் பாக்கி இருக்கிறது. ஆகஸ்ட் பக்கத்தில் திருத்தச் சீட்டு ஒட்டும் வேலையை அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணிடம் கொடுத்தோம், அவளே எழுதினாள்: "வலது பக்கம் டிரேக். கூட மருந்துக்கடை வில்சன். டெரிக் இரண்டாவது. அங்கிள் பில்லி இந்தப் படத்தில் இல்லை." வேண்டியவர்கள் வாசலில் எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். ஏற்கெனவே வாங்கியவர்களுக்குச் சீட்டு தனியாக வைத்திருக்கிறேன், பசை வீட்டில் இருக்கும்தானே.