படத்தில் இருப்பவருக்கு ஒரு பிரதி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம். பாளையங்கோட்டையில் மழை பிடித்துக்கொண்டது, கொடியில் போட்ட துணி காயாமல் வீடு முழுக்கத் தொங்குகிறது. நீ கேமரா வாங்கிவிட்டாய் என்று கேட்டதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று போனில் சரியாகச் சொல்ல முடியவில்லை. பேச ஆரம்பித்தால் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. எனக்கும் எழுதினால்தான் எல்லாம் கோவையாக வரும். தபால் ஆபீஸில் காலம் தள்ளியவள் கடிதம் எழுதாமல் வேறு யார் எழுதுவார்கள்?

நீ இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். முதலில் எங்கே போய் எடுக்கலாம் என்பது ஒன்று. "இத்தனை வருஷமா எடுத்த படத்தையெல்லாம் என்னம்மா செய்யப் போறே, எதுலயாவது போடலாம்ல" என்பது இன்னொன்று. எனக்கு இரண்டும் வேறு வேறு கேள்வியாகப் படவில்லை.

சரி, இடத்தைச் சொல்கிறேன். உனக்கு இப்போதைக்கு பிக்வான்தான். புனேயில் இருந்து சோலாப்பூர் ரோட்டில் சுமார் 100 கிலோமீட்டர். பீமா ஆற்றை மறித்து உஜனி அணை கட்டியதில் தேங்கி நிற்கும் தண்ணீர் அது. குளிர்காலத்தில் அங்கே பூநாரை வரும், வரித்தலை வாத்தும் வரும். அதே வாத்து இனத்தைத்தான் நான் இங்கே கூந்தன்குளத்தில் எடுக்கிறேன். வெள்ளைத் தலையில் பின்பக்கம் கறுப்பாக இரண்டு பட்டை இருக்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வருகிற பறவை. கடல் மட்டத்தில் இருந்து 7,000 மீட்டருக்கு மேலே பறந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். அங்கே உன் கேமராவில் ஒன்று, இங்கே என் கேமராவில் ஒன்று என்று இந்தக் குளிர்காலத்தில் விழுந்தால் நன்றாக இருக்கும், இல்லையா?

பிக்வானில் படகில் கூட்டிப் போவார்கள். ஏறும்போதே படகுக்காரரிடம் பேசிவிடு: பறவைக்குப் பக்கத்தில் போனதும் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும், அவற்றைக் கிளப்பிவிடக் கூடாது. பூநாரைக் கூட்டம் ஒரே நேரத்தில் எழுந்தால் இறக்கையின் உட்சிவப்பு எல்லாம் தெரிந்து படம் ஜோராக இருக்கும். அதற்காகவே கையைத் தட்டி, படகைக் கூட்டத்துக்குள் விட்டுக் கிளப்புகிறவர்கள் உண்டு. அவ்வளவு தூரம் பறந்து வந்து, இரை தின்று, திரும்பிப் போகத் தெம்பு சேர்க்கிற ஜீவன்கள் அவை. அவற்றை வெறுமனே கிளப்பி எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம், உனக்கும் வேண்டாம். போனில் பறவைக் குரலைப் போட்டுக் கூப்பிடுவதும் அப்படித்தான்.

கூந்தன்குளத்துக்கு உன்னைச் சின்னப் பிள்ளையில் கூட்டிப் போயிருக்கிறோம். நாங்குநேரி தாலுகா, மணிமுத்தாறு தண்ணீர் வந்து நிறைகிற குளம். 1994-ல் சரணாலயம் என்று அறிவித்தார்கள், 2022-ல் உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் அரசாங்கம் எழுதி வைத்ததால் மட்டும் அந்தப் பறவைகள் அங்கே நிற்கவில்லை. ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போட மாட்டார்கள். மஞ்சள் மூக்கு நாரை வீட்டு வாசல் மரத்திலேயே கூடு கட்டும், கீழே எச்சமும் மீன் நாற்றமுமாக இருக்கும், அவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள்.

அங்கே ஒரு ஆச்சி வீட்டு வேப்பமரத்தில் கூடுகள் இருந்தன. மரத்தடியில் ஆச்சி முற்றம் தெளித்துக்கொண்டிருந்ததை, கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். அடுத்த முறை போகும்போது படத்தைப் பிரிண்ட் போட்டு எடுத்துப் போய்க் கொடுத்தேன். ஆச்சி வெகுநேரம் அதைப் பார்த்தாள். அப்புறம் என்னிடம், "நீங்க எல்லாரும் காலம்பற வந்துட்டு வெயில் ஏறவும் ஓடிருதீங்க. உச்சிவெயில்ல இருந்து பாருங்க, தாய்ப்பறவை பிள்ளையளுக்குக் குடை பிடிக்கும்" என்றாள்.

ஒன்பது மணிக்கு மேல் வெளிச்சம் கெட்டுவிடும், கேமராவைப் பைக்குள் வைக்க வேண்டும் என்றுதான் எங்கேயும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆச்சி சொன்னாளே என்று அன்றைக்கு நான் இருந்தேன். அப்பா வண்டியை நிழலில் போட்டுவிட்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணிவாக்கில் கூட்டில் நின்ற நாரை ஒன்று சூரியனுக்கு முதுகைக் காட்டித் திரும்பியது. இரண்டு இறக்கையையும் பாதி விரித்துத் தாழ்த்திப் பிடித்தது. அந்த நிழலுக்குள் மூன்று குஞ்சுகள், வாயைத் திறந்தபடி, தொண்டை பதறப் பதற மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தன. நிழல் நகர நகரப் பெரிய பறவையும் காலை மாற்றி வைத்து நகர்ந்தது. மேலே இருந்து வரும் வெயிலில் இறக்கை ஓரம் கண்ணாடி மாதிரி வெளிச்சத்தை உள்ளே விட்டது. நான் எடுத்த பறவைப் படங்களில் எனக்குப் பிடித்தது அதுதான்.

இந்த மாதிரி இடத்தில் நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். குஞ்சுக்கு வெளிச்சம் அளந்தால் இறக்கை வெளுத்துப்போகும், ஒரு இறகு கூடத் தெரியாது. வெள்ளைக்கு அளந்தால் குஞ்சு கறுத்துவிடும். வெள்ளைக்கே அளந்து எடு. கேமரா சுருக்காமல் அப்படியே சேமிக்கிற ரா ஃபைலாக எடுத்திருந்தால் நிழலைக் கம்ப்யூட்டரில் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம், ஆனால் வெளுத்துப்போன வெள்ளையை எந்த சாஃப்ட்வேரும் மீட்காது. பிக்வானில் கொக்கு, பூநாரை எடுக்கும்போதும் இதே கதைதான். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகத்தை 1/2000 செகண்டுக்குக் குறையாமல் வைத்துக்கொள்.

உன் இரண்டாவது கேள்விக்கு அந்த ஆச்சியிடமே பாதிப் பதில் இருக்கிறது. என் படங்கள் சும்மா கிடக்கவில்லை, பாப்பா. அவை அந்தந்த வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. ஜங்ஷன் பக்கத்து லேபில் கொடுத்துப் பிரிண்ட் போடுகிறேன். பின்பக்கம் தேதியும் ஊரும் எழுதுகிறேன். வழவழப்பான தாளில் பேனா மை ஒட்டாது, மார்க்கரில் எழுதி ஒரு இரவு காயவிட வேண்டும். நேரில் போக முடிந்தால் நேரில், இல்லையென்றால் தபாலில். "முத்தாரம்மன் கோயில் தெரு, தண்ணித் தொட்டிக்கு எதிர் வீடு" என்று மட்டும் எழுதினாலும் போய்ச் சேரும் என்பது எனக்குத் தெரியும். எத்தனை கடிதங்களை அப்படிச் சேர்த்திருக்கிறோம்.

தசராவுக்கு இந்த வருஷமும் குலசேகரன்பட்டினம் போனோம். மாலை போட்டு, விரதம் இருந்து, வேடம் கட்டி, ஊர் ஊராகக் காணிக்கை வாங்கிக்கொண்டு வருகிறவர்களை நீ சின்ன வயதில் பார்த்துப் பயந்து என் பின்னால் ஒளிந்திருக்கிறாய். பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில் சம்ஹாரம். அந்தக் கூட்டத்தில் படம் எடுப்பது கஷ்டம்தான், ஆனால் எனக்கு அதற்கு முந்தைய சாயங்காலங்களும் வழியில் உள்ள டீக்கடைகளும்தான் பிடிக்கும். ஒரு கடை பெஞ்சில் காளி வேடக்காரர் ஒருவர் கிரீடத்தைக் கழற்றித் தம்பி மடியில் கொடுத்துவிட்டு, நாக்கையும் எடுத்து வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் சாயம் வியர்வையில் வழிந்திருந்தது. அருமையான படம். கேமராவைக் காட்டி, எடுக்கட்டுமா என்று கேட்டேன். "எக்கா, கொஞ்சம் பொறுங்க, நாக்க மாட்டிக்கிடுதேன்" என்றார். கிரீடம் ஏறியது, நாக்கு ஏறியது, சூலத்தைப் பிடித்து நிமிர்ந்து நின்றார். பக்கத்தில் இருந்த பெண்கள் சட்டென்று கும்பிட்டார்கள். நான் அதைத்தான் எடுத்தேன். அத்தனை நாள் விரதம் இருந்தது அவர் அம்மனாக நிற்பதற்கு. அந்த உருவத்தில்தான் தன் படம் இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தால் அது அவர் உரிமை. டீ குடிக்கிற படத்தைத் தூரத்தில் இருந்து தெரியாமல் எடுத்திருக்கலாம், எடுத்து என்ன செய்வது? அவர் வீட்டில் அதை எங்கே மாட்டுவார்கள்?

ராத்திரி வேடத்தை எடுக்க ஃப்ளாஷ் போடாதே. கிரீடத்தில் ஜிகினாவும் கண்ணாடித் துண்டும் ஒட்டியிருக்கும், எல்லாம் வெள்ளைப் புள்ளியாகிவிடும். 50 எம்எம் லென்ஸில் அபெர்ச்சரை 1.8-ல் திறந்து வைத்து, ஐஎஸ்ஓவை 3200 வரைக்கும் தாராளமாக ஏற்று. புள்ளி புள்ளியாக வந்தால் வரட்டும்.

திருச்செந்தூர் பக்கம் குதிரைமொழித் தேரியில் ஒரு பனையேறி அண்ணாச்சியைப் பற்றி உனக்குச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். செம்மண் தேரியும் பனையும் காலை வெயிலில் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். அவர் இடுப்பில் பாளை அருவாளோடு மரத்தின் பாதி உயரத்தில் இருக்கிறார், கீழே சிவப்பு மணல் அலை அலையாகப் போகிறது. எனக்கே என் படத்தின் மேல் ஒரு பெருமை. பிரிண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தன் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. மரத்தைத்தான் பார்த்தார். "இது மேக்கோரத்து மரம்லா, சாஞ்சிருக்கத வச்சே தெரியும். இந்த வருஷம் இதுல பாளை சரியில்ல" என்றார். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு போய் வேறு ஒரு மரத்தைக் காட்டினார். எந்தப் பாளையைச் சீவியிருக்கிறார், கலயத்துக்குள் ஏன் சுண்ணாம்பு தடவுகிறார், தடவாவிட்டால் பதநீர் எப்படிக் கள்ளாகப் புளித்துவிடும் என்று எல்லாம் சொன்னார். கலயம் மாற்ற மறுநாள் விடியுமுன் ஏறுவதாகவும், மரத்துக்கு மேற்கே நின்றால் அவருக்குப் பின்னால் வானம் வெளுப்பது தெரியும் என்றும் அவரே சொன்னார். மறுநாள் எடுத்ததுதான் நம் கூடத்தில் மாட்டியிருக்கும் படம். முதல் படத்தைக் கொண்டுபோய்க் கொடுக்காமல் இருந்திருந்தால் இரண்டாவது படம் எனக்குக் கிடைத்திருக்காது. எந்த வகுப்பிலும் எனக்கு அதைச் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள்.

சுற்றுலாப் போகிற இடங்களில் இது முடியாது என்பாய். ஓரளவு உண்மைதான், அதனாலேயே நான் அதிகம் சுற்றுவதில்லை. ஆனாலும் தனுஷ்கோடியில், 1964 புயலில் இடிந்த சர்ச் சுவரை வரிசையில் நின்று எல்லோரும் எடுத்துக்கொண்டிருக்க, கொஞ்சம் தள்ளி மணலைத் தோண்டி ஊற்றுத் தண்ணீரைச் சிரட்டையால் குடத்துக்கு மொண்டுகொண்டிருந்த பெண்களோடு அரைமணி நேரம் இருந்தேன். அவர்களுக்கும் தபாலில் போயிற்று. திரும்ப ஒரு பதில் கார்டும் வந்தது.

அடுத்த ஆனி, ஆடியில் உங்கள் ஊர் வழியாக வாரி, அதாவது பண்டரிபுரத்துக்குப் போகிற பாதயாத்திரை, வரும். ஆளந்தியில் இருந்து ஞானேஸ்வரர் பல்லக்கும் தேஹுவில் இருந்து துக்காராம் பல்லக்கும் புறப்பட்டு, ஆஷாட ஏகாதசிக்குப் பண்டரிபுரம் போய்ச் சேரும். நான் நேரில் பார்த்ததில்லை, படித்ததும் படங்களில் பார்த்ததும்தான். திவே காட் மலைப்பாதையில் மேலே நின்று எடுத்த படங்களை நீயும் பார்த்திருப்பாய், வளைவு வளைவாக வெள்ளை உடையும் காவிக் கொடியுமாக. அதை ஒரு தடவை எடு, ஆசைக்கு. ஆனால் புனேயில் பல்லக்குகள் தங்குகிற நாட்களில் பவானி பேட், நானா பேட் பக்கம் போ. வாரகரிகளுக்கு, அதாவது அந்த யாத்திரைக்காரர்களுக்கு, இலவசமாகச் சவரம் செய்கிறவர்கள், அறுந்த செருப்பைத் தைத்துக் கொடுக்கிறவர்கள், காலைப் பிடித்துவிடுகிறவர்கள் எல்லாம் அங்கே இருப்பார்கள். துளசி மாடத்தைத் தலையில் சுமந்து வந்த பெண் அதை எங்கே, எப்படி இறக்கி வைக்கிறாள் என்று பார். உட்கார்ந்து பேசு. உன் மராத்தி இப்போது நன்றாகத்தானே இருக்கிறது. அவர்கள் திண்டி என்ற குழுக்களாக நடப்பார்கள், ஒவ்வொரு திண்டிக்கும் எண் உண்டு. யாரையாவது எடுத்தால் திண்டி எண்ணையும் ஊரையும் பெயரையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள். பிரிண்ட் எப்படி அனுப்புவது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அது மழைக்காலம், கேமராவுக்கு உறை வாங்கிக்கொள். வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு லென்ஸை வை. பூஞ்சை பிடித்தால் லென்ஸ் போனதுதான்.

பெரிய லென்ஸ் ஒன்று எனக்கு வாங்கி அனுப்பப் போவதாக அப்பாவிடம் சொன்னாயாம். வேண்டாம் பாப்பா. என் 300 எம்எம் எனக்குப் போதும், அதற்கு மேல் கனத்தால் என் தோள் தாங்காது. அந்தப் பணத்தில் நீ பொங்கலுக்கு டிக்கெட் போடு. ஜனவரியில் தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்வார்கள். உன் பெயரையும் என் பெயரோடு கொடுத்து வைக்கிறேன். எந்தத் தேதியில் வருகிறாய் என்று மட்டும் சீக்கிரம் சொல். வரும்போது உன் கேமராவுக்கு இன்னொரு பேட்டரி வாங்கிக்கொண்டு வா, நாள் முழுக்க வெளியில் நிற்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அம்மா